ஒட்டுக்கு ஒரு சிகரெட்

ஓர் ஒட்டுக்கு ஒரு சிகரெட். இருபத்தெட்டு வருடமாக பிளம்பர் வாஷருக்கு அதுதான் கடிகாரம்.

குழாயை அறுத்து, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, இரண்டு முனைகளையும் கால் திருகு திருகிச் சேர்ப்பார். பிறகு இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் முப்பது எண்ணுவார்.

"உடனே கையை எடுத்துடாதே மாப்ளே" என்பார், கூட வேலை பார்க்கும் மைத்துனனிடம். "பசை ஈரமா இருக்கும்போது குழாய் தானாவே வெளியில தள்ளும். அதுவும் மனுஷன் மாதிரிதான். சேர்த்து வெச்ச உடனே பிரியத்தான் பார்க்கும்."

முப்பது முடிந்ததும் பசை டப்பாவை மூடி, பத்தடி தள்ளிப் போய், ஒரு சிகரெட்டைப் பற்ற வைப்பார். அது எரிந்து முடிகிற வரைக்கும் அந்தக் குழாய் இருக்கும் பக்கம் ஈ காக்கா போகக் கூடாது. வீட்டுக்காரர்கள் பொறுமை இல்லாமல், "அடுத்த வேலையைப் பார்க்கலாமே?" என்றால் விரலிடுக்கில் இருக்கும் சிகரெட்டை உயர்த்திக் காட்டுவார். "இன்னும் பாதி இருக்கும்மா." மறுநாள் வந்து தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒட்டைச் சுற்றி விரலால் தடவிப் பார்ப்பார். விரல் காய்ந்திருந்தால், "பாஸ்!" என்று ஒரு சத்தம். ஒரு நாள் தாங்கிய ஒட்டு ஆயுசுக்கும் தாங்கும் என்பது அவர் சட்டம்.

சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து ரப்பர் வாஷர்கள் கிடந்ததால் வந்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. தெரு என்ன தெரு, கட்டிய மனைவியே கோபம் வந்தால் "யோவ் வாஷர்" என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் சட்டைகளை மேசையில் விரித்து, காலரில் தொடங்கிக் கடைசிப் பட்டன் வரைக்கும் விரலை ஓட்டுவாள். சரியாக இருந்தால் ஒரு பச்சை ஸ்டிக்கர். இல்லையென்றால் பக்கத்துக் கூடை. கம்பெனியில் ஒரு நாள் கைகழுவும் குழாய் உடைந்து வெள்ளக்காடாகி, அதைச் சரி செய்ய வந்தவர்தான் வாஷர். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. வேலை முடிந்த பிறகும் போகாமல் நின்று, "உங்க கம்பெனி சட்டை எனக்குப் பொருந்துமா?" என்று கேட்டார். அவள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தோள்பட்டை பாஸ். வாய்தான் ரிஜெக்ட்" என்றாள். மூன்று மாதத்தில் கல்யாணம். அவர் சட்டையில் வீசும் பசை வாசனையும் புகை வாசனையும் அந்த நாட்களில் அவளுக்குப் பிடித்தே இருந்தன. எந்த வாசனையை நெஞ்சோடு அணைத்துத் தூங்கினாளோ, அதுவே பின்னால் தன் வாழ்வை எரிக்கும் என்று பாவம், அவளுக்கு யார் சொல்வார்கள்? குழந்தை இல்லை. ஒருவருக்கு ஒருவர்தான் குழந்தை.

மலத்தோடு ரத்தம் வந்ததை அவர் எட்டு மாதம் மறைத்தார். ஊர்க் குழாய்களின் கசிவையெல்லாம் சுவரைத் தட்டியே கண்டுபிடிக்கிறவர், தன் கசிவுக்கு மட்டும் "சூடு" என்று பெயர் வைத்தார். கடைசியில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனது அவள்தான்.

அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா எளிதில் சிரிக்காதவர். வெள்ளைத் தாளில் பெருங்குடலை வரைந்து, கீழ்ப்பக்கம் ஓரிடத்தை வட்டமிட்டார்.

"கட்டி இங்க இருக்கு. வேற எங்கேயும் பரவல. இந்தத் துண்டை எடுத்துட்டு, மேல் முனையையும் கீழ் முனையையும் சேர்த்துடுவோம்."

வாஷர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். "நடுவுல கப்ளிங் போடுவீங்களா, இல்ல நேரா ஒட்டா?"

டாக்டரம்மா நிமிர்ந்தார். "என்ன வேலை பார்க்கிறீங்க?"

"பிளம்பர் டாக்டர்."

"அப்ப நான் சொல்றது உங்களுக்குச் சுலபமாப் புரியும். உங்க குழாய்க்கு உயிர் கிடையாது. பசை போட்டா ஒட்டிக்கும். இது உயிருள்ள குழாய். நான் சேர்த்துத்தான் வைப்பேன். ஒட்ட வேண்டியது உங்க ரத்தம். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?"

"ஒரு பத்து இருக்கும்."

"இருபது" என்றாள் மனைவி.

"வேலையைப் பொறுத்து டாக்டர். எத்தனை ஒட்டோ அத்தனை."

டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "ஒவ்வொரு சிகரெட்டும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ரத்தம் சுமந்துட்டுப் போக வேண்டிய பிராணவாயுவைப் புகை குறைச்சுடும். சேர்த்த இடம் பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கிற சதை எப்படி ஆறும்? ஆறலைன்னா கசியும். கசிஞ்சா கழிவெல்லாம் வயித்துக்குள்ள பரவும். உயிருக்கே ஆபத்து."

வாஷர் தாளில் இருந்த வட்டத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"புகைக்கிறவரா வந்தீங்கன்னா, ஒட்டு ஆறுற வரைக்கும் சில மாசம் வயித்துல ஒரு வாசல் வெச்சு, வெளியில பை மாட்டிடுவேன். கழிவு அந்த வழியாப் போயிடும். ஒட்டுக்கு ஓய்வு கிடைக்கும். நாலு வாரம் சுத்தமா நிறுத்திட்டு வந்தா, பை இல்லாம செய்யலாமான்னு பார்ப்பேன். நிறுத்தறதுக்கு மருந்து இருக்கு, தோல்ல ஒட்டுற பட்டை இருக்கு. எழுதித் தரட்டுமா?"

"வேணாம் டாக்டர். நானே நிறுத்திடுவேன்" என்றார் வாஷர். வீறாப்புக்கு என்ன குறைச்சல்?

முதல் வாரம் நிறுத்தினார். உண்மையாகவே நிறுத்தினார். வாயில் ஒரு ஏலக்காயைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஆறாவது நாள் ஒரு குடியிருப்பின் நாலாவது மாடியில் ஓர் ஒட்டுப் போட்டார். முப்பது எண்ணினார். டப்பாவை மூடிவிட்டுத் தள்ளிப் போனார். கையில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத கையோடு ஒரு மனிதன் எவ்வளவு நேரம் நிற்பது? நின்றதே ஒரு யுகம் போல் இருந்தது அவருக்கு. பசை காயுமுன்னே திரும்பி வந்து, அந்தக் குழாயை வளைத்துச் சுவரோடு கிளிப் வைத்து ஆணி அடித்தார். மறுநாள் காலையில் மூன்றாவது மாடிக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டி, ஒரு கட்டில் மெத்தை முழுக்க நனைந்துபோய், அந்த வீட்டுக்காரர் மாடி ஏறி வந்து நாலு பேர் முன்னால் வாஷரைப் பேசாத பேச்சு பேசிவிட்டார்.

இருபத்தெட்டு வருடத்தில் முதல் கசிவு.

அன்று மத்தியானம் அதே இடத்தில் ஒட்டை அறுத்தெடுத்துப் புதிதாகப் போட்டார். "கொடு மாப்ளே" என்று கையை நீட்டினார். மைத்துனன் தயங்கினான்.

"அக்காவுக்குத் தெரிஞ்சா என்னை உரிச்சுடும் மாமா."

"ஒட்டுக்கு ஒண்ணு. அதுக்கு மேல கேட்டா செருப்பால அடி."

அவர் வாக்குத் தவறவில்லை. வேலையைக் குறைத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு மூன்று ஒட்டு. மூன்று சிகரெட்.

அவளுக்கு எத்தனை நாள் தெரியாமல் இருக்கும்? சட்டையைத் தடவிப் பார்ப்பதே பிழைப்பாக இருக்கிறவள். ஒரு சாயங்காலம் துவைக்கப் போட்ட சட்டையை முகர்ந்து பார்த்தாள். கருவிப் பையைக் கொட்டினாள். வெள்ளை டேப் வைக்கும் டப்பாவுக்குள் தீப்பெட்டி இருந்தது.

"யோவ், என்னய்யா இது?"

அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இருபது இருந்தது மூணு ஆயிருக்கு. நிறுத்தின மாதிரிதானே இது?"

"டாக்டரம்மா சுத்தமா நிறுத்தணும்னு சொன்னாங்க."

"நான் குப்புறப் படுத்து வேலை செய்யறவன்டி. தொட்டிக்கு அடியில வயித்தாலே ஊர்ந்து போறவன். வயித்துல ஒரு மலப் பையைக் கட்டிக்கிட்டு யார் வீட்டுக் குளியலறைக்குள்ள என்னை விடுவாங்க? ஊரார் சாக்கடையைச் சுத்தம் பண்ணினவனுக்கு அவன் சாக்கடை வெளியில தொங்கணுமா?" அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அன்று பார்த்தாள். "சொல்லிடாதே. உன் காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்."

நாலு வாரம் முடிந்து மறுபடி அதே அறை, அதே நாற்காலி.

"நிறுத்திட்டீங்களா?"

"தொடறதே இல்ல டாக்டர்."

டாக்டரம்மா அவரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். "இந்த நாற்காலியில உட்கார்ற எல்லா ஆம்பளைங்களும் இதைத்தான் சொல்வாங்க. நீங்க சொல்லுங்கம்மா. உங்க வார்த்தையை வெச்சுத்தான் நான் முடிவெடுக்கப் போறேன்."

இருபத்திரண்டு வருட வேலையில் அவள் ஒரே ஒரு தப்புச் சட்டைக்குக்கூடப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியதில்லை. ஒரு பட்டன் நூல் தளர்ந்திருந்தால்கூட, தைத்தவள் அழுதாலும் கூடையில் போட்டுவிடுவாள். அவளை 'கல்நெஞ்சுக்காரி' என்று கம்பெனியில் பேசுவார்கள். அந்தக் கல்நெஞ்சுக்காரி திரும்பிப் பார்த்தாள். அவர் முழங்கால்மேல் இருந்த இரண்டு கைகளும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன, ஒட்டைப் பிடிப்பது போல.

"ஆமா டாக்டர்" என்றாள். "நிறுத்திட்டார்."

டாக்டரம்மா தாளில் எதையோ அடித்துவிட்டு எதையோ எழுதினார். அவ்வளவுதான். ஒரு மனிதனின் விதி ஒரு பேனாக் கோட்டில் மாறிவிட்டது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டி முழுசாக வந்துவிட்டது என்றார்கள். பை இல்லை. மயக்கம் தெளிந்ததும் வாஷர் முதலில் வயிற்றைத்தான் தடவினார். கட்டுத் துணி மட்டும் கைக்குத் தட்டுப்பட்டது. அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து, தான் சொன்ன பொய்யை அவளே மன்னித்துவிட்டாள்.

ஆனால் இருமல் விடவில்லை. இருபத்தெட்டு வருடப் புகை நெஞ்சுக்குள் சளியாகக் கட்டியிருந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் வயிறு கிழிந்துவிடுவது போல் துடித்தார். நர்ஸ் ஒரு தலையணையை வயிற்றோடு வைத்து, "இதை ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருமுங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் கைக்குப் பலம் இல்லை. மனைவி தன் கையை அவர் கைமேல் வைத்து அழுத்தினாள்.

எதிர்க் கட்டிலில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். பித்தப்பை எடுத்தவர். வார்டே அவர் வாய்க்குப் பயப்படும். குடல் வேலை செய்யத் தொடங்கினால் காற்றுப் பிரியும், அதுதான் நல்ல அறிகுறி என்று டாக்டர்கள் சொல்லியிருந்ததால், மூன்று நாளாக வாஷரை எல்லோரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா, வண்டி கிளம்பிச்சா?"

"இல்லண்ணே. ஹாரன் கூட அடிக்கல."

மூன்றாம் நாள் மத்தியானம், பார்வையாளர்கள் நிறைந்திருந்த நேரத்தில், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி அது நடந்தது. கண்டக்டர் கையைத் தட்டி, "ரைட்! ரைட்! போலாம்!" என்று கத்தினார். வார்டே சிரித்தது. வாஷரும் தலையணையை அழுத்திக்கொண்டு, வலியோடு சிரித்தார். மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதுதான் அவர்கள் வாழ்க்கையின் கடைசிக் கவலையற்ற சிரிப்பு.

நாலாம் நாள் மைத்துனன் வந்தான். வாஷர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே அவனிடம் கேட்டார். "நம்ம குழாய் எவ்வளவு நேரம் தாங்கினா பாஸ்?"

"ஒரு நாள் மாமா."

"எனக்கு நாலு நாள் ஆச்சு. மேலேயிருந்து தண்ணி திறந்தாச்சு. சூப்புக் குடிச்சேன். காத்தும் போயாச்சு. ஒரு சொட்டுக் கசிவு உண்டா? பாஸ் ஆன ஒட்டு மாப்ளே இது!"

கெட்டிக்காரர்களின் தப்பு இதுதான். தெரிந்த தொழிலை வைத்துத் தெரியாததை அளந்துவிடுவார்கள். உயிருள்ள ஒட்டு முதல் நாளில் கசிவதைவிட, அஞ்சாம் நாளும் ஆறாம் நாளும் ஏழாம் நாளும்தான் ஆளைச் சோதிக்கும் என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் போட்டிருப்பாரா?

"நடக்கச் சொல்லியிருக்காங்க. என்னைக் கொஞ்சம் நடத்திக் கூட்டிட்டுப் போ" என்றார்.

மனைவி மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது கட்டில் காலியாக இருந்தது. வராந்தா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அழுக்குத் துணி வண்டிகள் நிற்கும் பின்பக்கப் படிக்கட்டு. குளுக்கோஸ் தொங்கும் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். இன்னொரு கையிலிருந்து புகை எழும்பியது. மைத்துனன் ஏதோ சொல்ல, அவர் தலையை ஆட்டிச் சிரித்தார்.

அவள் ஓடிப் போய்ப் பிடுங்கியிருக்கலாம். கத்தியிருக்கலாம். நர்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். பிறகு எத்தனையோ மாதம் அவள் இந்த மூன்றையும் மாற்றி மாற்றி மனசுக்குள் செய்து பார்த்தாள். ஆனால் அன்று கால் நகரவில்லை. கூப்பிட்டால், 'நிறுத்திட்டார்னு சொன்னீங்களே' என்று கேட்பார்களே! ஒரு பொய் அவள் காலைக் கட்டிப் போட்டது. அந்தச் சிகரெட் முடிகிற வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அஞ்சாம் நாள் காலையில் அவர் சூப்பை வேண்டாம் என்றார். பதினோரு மணிக்கு உடம்பு சுட்டது. நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் பிடித்துப் பார்த்தாள். மத்தியானம் வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது. விரல் பட்டாலே அலறினார். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா வேகமாக வந்து படத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒட்டு விட்டுடுச்சு. உடனே திறக்கணும்."

வாஷர் மனைவியின் கையைப் பிடித்தார். "கசியுதாடி?" என்று கேட்டார். அந்தக் குரல், பள்ளிக்கூடத்தில் முதல் முறை ஃபெயிலான குழந்தையின் குரல். "என் ஒட்டு கசியாதே..."

தள்ளுவண்டி போய்விட்டது.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கையெழுத்து வாங்க வந்த டாக்டரம்மாவின் முன்னால் அவள் கைகூப்பி நின்றாள். "நான் பொய் சொன்னேன் டாக்டர். அவர் நிறுத்தல. ஒரு நாளைக்கு மூணு. நேத்துக்கூட இங்கேயே, பின்பக்கப் படியில..."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"புகையாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. சிகரெட்டையே பார்க்காதவங்களுக்கும் சில சமயம் விட்டுப்போகும். நேத்துக் குடிச்ச ஒண்ணாலயா, இருபத்தெட்டு வருஷத்தாலயா, அதுவும் எனக்குத் தெரியாது." அவர் முகக் கவசத்தைக் கட்டிக்கொண்டார். "ஆனா நீங்க உண்மையைச் சொல்லியிருந்தா நான் பை வெச்சிருப்பேன். பை இருந்திருந்தா, கசிஞ்சாலும் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இது எனக்குத் தெரியும்."

மைத்துனன் சுவரோரம் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். "நான்தான்கா கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன்."

"நீ ஒண்ணு கொடுத்தே" என்றாள் அவள். "நான் ஸ்டிக்கரே ஒட்டிக் கொடுத்தேன்டா."

அவர் பிழைத்தார். பதினோரு நாள் குழாய்களுக்கு நடுவே கிடந்தார். மூக்கில் ஒன்று, கழுத்தில் ஒன்று, வயிற்றின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. நெஞ்சில் சளி கட்டி மூச்சுக்கும் போராடினார். தைத்த காயம் ஆறாமல் நடுவில் வாய் பிளந்தது. வீட்டுக்கு வரும்போது இருபது கிலோ குறைந்திருந்தார். வயிற்றில் பை தொங்கியது. எதற்குப் பயந்து அத்தனையும் செய்தார்களோ, அதுவே வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

பை மாற்ற அவர்தான் முதலில் கற்றுக்கொண்டார். வயிற்றில் ஒட்டும் வட்டத் தகட்டைக் கையில் வாங்கி, நடுவில் இருந்த ஓட்டையைப் பார்த்து, வறண்ட சிரிப்புச் சிரித்தார். "பாரு. கடைசியில எனக்கே ஒரு வாஷர்." அளவெடுத்து, கத்தரியால் ஒரு நூல் பிசகாமல் வெட்டினார். வேலைக்காரக் கை அல்லவா! ஒட்டியதும் இரண்டு உள்ளங்கைகளாலும் மூடி, பழக்கப்படி முப்பது எண்ணினார். பிறகு அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. அவள் பார்க்காதது போல் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு மாதம் அவர் புகைக்கவில்லை. படியிறங்கிக் கடைக்குப் போகத் தெம்பில்லை. தெம்பு வந்ததும் போனார்.

அவள் செய்யாதது என்ன? கெஞ்சினாள். பேசாமல் இருந்தாள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த பட்டையைத் தினம் காலையில் அவர் தோளில் ஒட்டினாள். அவர் சில நாள் அதை ஒட்டிக்கொண்டு சும்மா இருந்தார், சில நாள் அதை ஒட்டிக்கொண்டே புகைத்தார். தீப்பெட்டியைத் தண்ணீரில் போட்டாள். அவர் லைட்டர் வாங்கினார். மைத்துனன் அவருக்காகத் தானும் விட்டுவிட்டான். அவர் அவனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

"எனக்கு மட்டும் ஆசையாடி?" என்று ஒரு நாள் கத்தினார். "வேலைக்குப் போனா மாப்ளே ஒட்டுப் போடுறான், நான் வாளியைக் கவுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருக்கேன். கையை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல. உனக்குப் புரியாது." பிறகு குரல் இறங்கியது. "எனக்கே புரியலையே."

எட்டாவது மாதம் டாக்டரம்மா எல்லாவற்றையும் சோதித்தார். உள்ளே ஒட்டு ஆறிவிட்டது. பையை எடுத்து, வயிற்று வாசலை மூடிவிடலாம். அதற்கு இன்னொரு அறுவை. அங்கேயும் குடலைச் சேர்த்துத் தைக்க வேண்டும்.

அந்த நாளுக்காக அவர் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துவந்தார். மூலையில் கிடந்த கருவிப் பையை எடுத்து, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

அதே அறை. அதே நாற்காலி.

"கடைசி நாலு வாரமா எப்படி?"

"தொடவே இல்ல டாக்டர்" என்றார் வாஷர்.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

அவள் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவர் கைகள் முழங்கால்மேல் எப்படி இருக்கும் என்றும் தெரியும்.

"பிடிக்கிறார் டாக்டர்" என்றாள். "நேத்துச் சாயங்காலம் மட்டும் நாலு."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். டாக்டரம்மா பேனாவை மூடினார். "இன்னும் மூணு மாசம் தள்ளி வைப்போம். அதுக்குள்ள நிறுத்த முடியுதான்னு பாருங்க. நாங்களும் உதவி செய்யறோம்." வாசல் வரை வந்து, அவள் தோளைத் தொட்டார். அந்தத் தொடுகையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

ஆஸ்பத்திரி மதிலோரம், பஸ் நிற்கும் இடத்தில் சிமென்ட் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். உதட்டில் சிகரெட் எரிந்துகொண்டிருந்தது. மறைக்கவில்லை. இனி யாரிடம் மறைப்பது?

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி சொன்னே?"

"போன தடவை சொல்லல."

"மூணு மாசமாம். மூணு மாசம் இந்தப் பையோட..." அவர் சட்டைக்கு மேலாகப் பையைத் தொட்டுக் காட்டினார். "கல்நெஞ்சுக்காரின்னு உன்னைச் சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

"சொல்லட்டும்."

"மூணு மாசம் கழிச்சும் என்னால முடியலைன்னா?"

"அப்பவும் இதைத்தான் சொல்வேன்."

"அதுக்கப்புறமும் முடியலைன்னா?"

இருபது வருடக் குடித்தனத்தில் அவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவள் இப்படி வெறும் கையோடு நின்றதில்லை. சாலையைப் பார்த்தாள். அவர் ஒரு இழுப்பு இழுத்தார். இருமல் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய இருமல். அவர் உடம்பு முன்னால் வளைந்தது. தலையணை இல்லை. ஒரு கையில் சிகரெட். இன்னொரு கையால் மட்டும் வயிற்றைப் பிடிக்கப் பார்த்தார். பை நழுவியது.

அவள் சட்டென்று தன் இரண்டு கைகளையும் அவர் வயிற்றின் மேல் வைத்து அழுத்தினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். சட்டைத் துணிக்குக் கீழே பையின் வெதுவெதுப்பும், அதற்குக் கீழே அவர் உடம்பின் நடுக்கமும் அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தன.

இருமல் நின்றது. அவர் கண்ணில் தண்ணீர்.

"விட்டுடு. போதும்" என்றார்.

"இருங்க" என்றாள் அவள். "உடனே கையை எடுத்தா தள்ளிக்கும்."

மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். அவர் விரலிடுக்கில் சிகரெட் இன்னும் பாதி இருந்தது.